நூறாண்டு வாழ்வும் நூலோர் காட்டும் வழியும்

ஒக்கினாவாவைப் பற்றிய நூல்கள்: ஒரு திறனாய்வு

நீண்ட நாள் வாழவேண்டும் என்னும் வேட்கை மாந்தர்க்கு இயல்பானது. அவ்வேட்கைக்கு வழி சொல்வதாக எழுந்த நூல்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. பழைய நூல்கள் மூலிகையையும் மூச்சுப் பயிற்சியையும் கூறின. அண்மைக்கால நூல்களோ ஓர் ஊரைக் காட்டுகின்றன. 'இவ்வூரார் நூறாண்டு வாழ்கின்றனர். இவர்கள் உண்பதை உண்டு, இவர்கள் நடப்பதுபோல் நடந்தால், நீங்களும் அவ்வாறே வாழலாம்' என்பது அந்நூல்களின் சாரம். அவ்வாறு காட்டப்பட்ட ஊர்களுள் தலையாயது ஜப்பானின் தென்கோடியில் உள்ள ஒக்கினாவாத் தீவு. அத்தீவைப் பற்றிய நூல்கள் கூறுவன எவை, கூறாது விட்டன எவை என்பதை ஆராய்வது பயனுடைய செயலாகும்.

நூல்களும் அவற்றின் பெருமையும்

1975-ஆம் ஆண்டு முதல் மருத்துவர் மகோத்தோ சுசுகி என்பார் ஒக்கினாவாவில் நூறு வயதைக் கடந்தோரைத் தேடிச் சென்று ஆராயத் தொடங்கினார். பின்னாளில் பிராட்லி வில்காக்ஸ், கிரெய்க் வில்காக்ஸ் என்னும் இருவர் அவருடன் சேர்ந்தனர். மூவரும் எழுதிய 'ஒக்கினாவாத் திட்டம்' என்னும் நூல் 2001-இல் வெளிவந்தது. டான் புயட்னர் என்னும் அமெரிக்கர் 2008-இல் 'நீல வட்டாரங்கள்' என்னும் நூலை வெளியிட்டார். மிஷேல் புலேன், ஜியான்னி பெஸ் ஆகிய அறிஞர்கள் இத்தாலியின் சார்டினியாத் தீவில் முதியோர் மிகுந்த மலையூர்களை நிலப்படத்தில் நீல மையால் வட்டமிட்டுக் காட்டினர்; அந்த நீல மையே இப்பெயருக்குக் காரணம். 2016-இல் கார்சியா, மிராயஸ் என்னும் இருவர் ஒக்கினாவாவின் ஒகிமி என்னும் சிற்றூரைக் காட்டி 'இக்கிகாய்' என்னும் நூலை எழுதினர். அது பல மொழிகளில் பெயர்க்கப்பெற்று உலகெங்கும் விற்பனையாயிற்று.

இந்நூல்களால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. மருந்துக் கடையில் ஆயுளைத் தேடியவர்களை அடுப்படிக்கும் தோட்டத்துக்கும் திருப்பியவை இவை. பாகற்காய், கட்டியான சோயாத் தயிர், கடற்பாசி, கீரை ஆகியவற்றின் பயனை எடுத்துக் கூறின. முதுமையை நோயாகக் காணாமல், செயலுள்ள பருவமாகக் காணச் செய்தன. சுசுகியின் உழைப்பு பல்லாண்டு வீடு வீடாகச் சென்று செய்த உழைப்பாகும். ஆயினும், ஆராய்ச்சி ஒன்று. அதை வைத்து எழுந்த விற்பனை நூல் வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே எது உதிர்ந்து போயிற்று என்பதே ஈண்டு எழும் வினா.

வயதை அறிதல்

நெடுநாள் வாழ்ந்தோரைப் பற்றிய நூலுக்கு அடிப்படை, அவர்களது வயது உண்மையாதல் வேண்டும் என்பதே. இவ்வகையில் முன்னரே ஒரு படிப்பினை உண்டு. தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிலுள்ள வில்கபாம்பா என்னும் பள்ளத்தாக்கில் 120, 130 வயதினர் வாழ்வதாக 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு செய்தி பரவிற்று. அலெக்சாண்டர் லீஃப் என்னும் அமெரிக்க மருத்துவர் அங்குச் சென்று, 1973-இல் அதனைப் புகழ்ந்து எழுதினார். பின்னர் மேசஸ், ஃபோர்மன் ஆகிய இருவர் அவ்வூர்ப் பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1979-இல் தம் முடிவை வெளியிட்டனர். நூறு வயதை எட்டியவர் அங்கு ஒருவரும் இலர். மிக மூத்தவருக்கும் வயது 96 தான்! எழுபது வயதை எட்டியதும் அவ்வூரார் தம் வயதைக் கூட்டிச் சொல்லத் தொடங்கினர். முதுமைக்குக் கிடைத்த மதிப்பே அதற்குத் தூண்டுகோல். லீஃப் தம் முன்னைய கருத்தைக் கைவிட்டார். உண்மை வெளிப்பட்டபின் அதனை ஏற்பது அறிஞர்க்கு அழகு.

ஒக்கினாவாவின் நிலை வேறு. அங்குக் குடும்பப் பதிவேடு என்னும் முறை உண்டு. எனினும் 1945-இல் நடந்த போரில் அப்பதிவேடுகளுட் பெரும்பகுதி எரிந்துபோக, போருக்குப்பின் அவை மீண்டும் எழுதப்பட்டன. மேலும், 2010-இல் டோக்கியோவில் 111 வயதினர் என்று கருதப்பட்ட ஒருவர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்திருந்தமை வெளியாயிற்று. அதன்பின் ஜப்பானிய அரசு ஆராய்ந்தபோது, குடும்பப் பதிவேட்டில் மட்டும் உயிரோடிருந்து, இருப்பிடம் அறியப்படாத நூறு வயதினர் 2,30,000-க்கும் மேற்பட்டோர் எனக் கண்டது. சால் நியூமன் என்னும் ஆராய்ச்சியாளர் இத்தகைய சான்றுகளைத் திரட்டி, வறுமையும் பதிவுக் குறையும் மிகுந்த இடங்களிலேயே மிக முதியோர் மிகுதியாகத் தோன்றுகின்றனர் என்று வாதிட்டார். நகைப்பூட்டிச் சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்கென வழங்கப்படும் 'இக் நோபெல்' பரிசு 2024-இல் அவருக்குக் கிடைத்தது.

இதனால் ஒக்கினாவாவின் பெருமை முற்றும் பொய் என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. ஒரு தனி மனிதரின் நூறு வயது ஐயத்துக்கு உரியதாகலாம். ஆனால் ஒரு மாநிலத்து மக்களின் சராசரி வாழ்நாள் குடும்பப் பதிவேட்டிலிருந்து கணிக்கப்படுவதன்று. குடிமதிப்புக் கணக்கிலிருந்தும் ஒவ்வோர் ஆண்டின் இறப்புக் கணக்கிலிருந்தும் பெறப்படுவது. அக்கணக்கின்படி 1975 முதல் 2005 வரை ஒக்கினாவாப் பெண்கள் ஜப்பானின் 47 மாநிலங்களுள் முதலிடம் பெற்றிருந்தனர். ஆண்களும் 1985-இல் முதலிடத்தில் இருந்தனர். ஆகவே நீண்ட வாழ்வு அங்கு இருந்தது உண்மை. அது எதனால் வந்தது என்பதிலேதான் நூலாசிரியர்கள் இடறுகின்றனர்.

கிழங்கும் பஞ்சமும்

ஒக்கினாவா உணவு என்று நூல்கள் போற்றுவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. 1605-இல் நொகுனி சோகன் என்பார் சீனத்தின் ஃபூஜியனிலிருந்து அதைத் தீவுக்குக் கொண்டுவந்தார். புயலுக்குத் தப்பி மண்ணுக்குள் விளையும் பயிராதலின், அது ஏழையின் உணவாயிற்று. கிழங்கை விரும்பி நெல்லைத் துறந்தவர் அல்லர் அத்தீவினர். நெல்லுக்கு இடமும் நீரும் போதாமையால் கிழங்கை உண்டவர்கள்.

அக்கிழங்கும் கிட்டாத காலம் உண்டு. முதல் உலகப் போருக்குப்பின் சர்க்கரை விலை வீழ்ந்தபோது, கரும்பை நம்பிய தீவு பெரும் வறுமையில் ஆழ்ந்தது. அப்போது மக்கள் 'சோத்தெத்சு' என்னும் ஈச்சை போன்ற செடியின் தண்டையும் விதையையும் உண்டனர். அது நஞ்சுடையது. பலமுறை நீரில் அலசிப் பதப்படுத்தினாலன்றி உயிரைக் குடிக்கும். அவ்வாண்டுகளை அத்தீவினர் 'சோத்தெத்சு நரகம்' என்றே இன்றும் அழைப்பர். பிழைப்புத் தேடி ஹவாய்க்கும் பிரேசிலுக்கும் ஒசாக்கா ஆலைகளுக்கும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். அவர்கள் அனுப்பிய பணத்தால் வீட்டில் எஞ்சியவர் உண்டனர். பின்னாளில் நூறு வயதை எட்டிப் புகைப்படங்களில் சிரித்த மூதாட்டியர், அந்நரகத்தில் இளமையைக் கழித்தவர்கள். இச்செய்திக்கு உணவு நூல்கள் தரும் இடம் மிகச் சிறிது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் பிழைத்த குடும்பங்கள் பல. அவற்றுள் எதுவும் அக்கிழங்கை நல்வாழ்வுக்குரிய உணவு என்று போற்றியதில்லை. இல்லாமையால் உண்டதை விருப்பத்தால் உண்டதாகக் காட்டினால், உண்டவர் பட்ட பாடு மறைந்து போகிறது. இதுவே இந்நூல்களின் முதற் குறை.

1949-ஆம் ஆண்டின் கணக்கு

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. 'ஒக்கினாவாவின் மரபுணவு' என்று எடுத்துக்காட்டப்படும் அளவுகள் 1949-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து பெறப்பட்டவை. அக்கணக்கின்படி ஒருவர் நாளொன்றுக்கு 849 கிராம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, 154 கிராம் அரிசி, 71 கிராம் பயறு வகை, 15 கிராம் மீன், 3 கிராம் இறைச்சி உண்டார். மொத்தம் 1785 கலோரி. அடுத்த ஆண்டு ஜப்பான் முழுவதற்குமான சராசரி 2068 கலோரி.

1949 எத்தகைய ஆண்டு? நான்கே ஆண்டுகளுக்கு முன், 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த போரில் தீவு மக்களுள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் மடிந்தனர். வயல்கள் படைத்தளங்களாயின. கால்நடை பெரும்பாலும் அழிந்தது. ஹவாயில் குடியேறியிருந்த ஒக்கினாவா மக்கள் இதைக் கேட்டு மனம் பொறாது பணம் திரட்டினர். 1948-இல் அவர்களுள் எழுவர், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துத் துறைமுகத்திலிருந்து 550 பன்றிகளைக் கப்பலில் ஏற்றி, புயலில் அலைப்புண்டு, ஒக்கினாவாவில் சேர்ப்பித்தனர். அப்பன்றிகளின் வழித்தோன்றல்களால் தீவில் பன்றி வளர்ப்பு மீண்டும் தழைத்தது.

போருக்கு முன்னரும் அங்குக் கிழங்கே முதலுணவு, இறைச்சி விழா நாள் உணவு என்பது உண்மையே. எனினும் பன்றிகள் கப்பலில் வந்திறங்கிய மறு ஆண்டில் எடுத்த கணக்கைக் கொண்டு, '3 கிராம் இறைச்சியே முன்னோர் வகுத்த அளவு' என்று கூறுவது பொருந்துமா? பன்றியின் காதும் காலும் குடலும் வீணாகாமல், நெடுநேரம் வேகவைத்துக் கொழுப்பை வடித்து உண்ணும் மரபு அத்தீவில் ஆழ வேரூன்றியது. ஆராய்ச்சியாளர் தம் கட்டுரையில் கணக்கின் ஆண்டை மறைக்கவில்லை. அதை எடுத்தாண்ட பிறரோ ஆண்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டனர். ஆண்டை இழந்த எண், வரலாற்றை இழந்த எண்ணாகும்.

மூன்று சொற்கள்

இந்நூல்களால் உலகெங்கும் பரவிய சொற்கள் மூன்று. அவற்றையும் உரசிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது 'ஹரா ஹச்சி பு'. வயிற்றில் பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் கையைக் கழுவுதல் என்பது இதன் கருத்து. நல்லுரைதான். ஆனால் ஒக்கினாவாவுக்கு மட்டும் உரிய உரையன்று. கைபரா எக்கென் என்பார் ஜப்பானில் 1713-இல் எழுதிய 'யோஜோகுன்' என்னும் உடல்நல நூல் அளவுணவை வற்புறுத்துகிறது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் செரிப்பதறிந்து அளவோடு உண்பதையே மருந்தாகக் கூறுகிறது. பல நாட்டாரும் அறிந்த ஓர் அறிவுரை, ஒரு நாட்டார் மட்டும் நெடிது வாழ்ந்தமைக்குக் காரணமாகாது. பசிக்கே உணவு போதாத காலத்தில் அவ்வுரைக்குத் தேவைதான் என்ன?

இரண்டாவது 'மோஆய்'. இதை வாழ்நாள் முழுவதும் தொடரும் நண்பர் குழாம் என்று நூல்கள் விளக்குகின்றன. அது பாதி விளக்கமே. மோஆய் என்பது அடிப்படையில் சீட்டு. திங்கள்தோறும் பலர் கூடிப் பணம் போட்டு, முறைப்படி ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வர். மகள் திருமணத்துக்கும், கடை திறப்பதற்கும், நோய்ச் செலவுக்கும் அத்தொகை உதவும். கூடிய இடத்தில் பேச்சும் உணவும் நட்பும் வளர்வது இயல்பு. சீட்டுப் பிடித்துப் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அந்நட்பைத் தாங்கி நின்றது பணத் தேவையும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையும். பணத்தை நீக்கிவிட்டு நட்பை மட்டும் எடுத்துக் காட்டியது, பார்ப்பதற்கு அழகாக இருக்கும் பொருட்டுப் போலும்.

மூன்றாவது 'இக்கிகாய்'. வாழ்வதற்கு ஒரு பொருள் என்பது இதன் கருத்து. இது ஜப்பானியர் அனைவரும் வழங்கும் பொதுச் சொல், ஒக்கினாவாவில் பிறந்ததன்று. மியெக்கோ கமியா என்னும் மனநல மருத்துவர் 1966-இல் இச்சொல்லைத் தலைப்பில் வைத்து ஆழ்ந்த நூலொன்றை எழுதினார். தொழுநோயாளர் விடுதியில் பணியாற்றி, எல்லாம் இழந்தவர் எதைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றனர் என்று ஆராய்ந்தவர் அவர். துன்பத்தின் நடுவே எழுந்த அவ்வினா, ஐம்பதாண்டு கழிந்ததும் மேசைமேல் வைத்து அழகு பார்க்கும் சிறு நூலாகச் சுருங்கியது வருந்தத்தக்கது.

கூறாது விட்டவை

இனி, நூல்கள் விரிவாகக் கூறியிருக்க வேண்டியவை சில உண்டு. போருக்குப்பின் தீவில் மருத்துவர் மிகச் சிலரே இருந்தனர். அக்குறையை நிரப்ப 1951 முதல் பொதுநலத் தாதியர் ஊர் ஊராக அமர்த்தப்பட்டனர். சிறு தீவுகளிலும் மலையூர்களிலும் தங்கி, காசநோயாளரைக் கவனித்தும், தாய்மார்க்குக் குழந்தை வளர்ப்பைக் கற்பித்தும் அவர்கள் பணிபுரிந்தனர். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொள்ளைகொண்ட மலேரியாக் காய்ச்சல் யயேயமாத் தீவுகளில் 1962-இல் ஒழிக்கப்பட்டது. தீவின் தட்பவெப்பம் இதமானது. குளிர்காலத்துக்கென உணவை உப்பிட்டு வைக்க வேண்டுவதில்லை. உப்பு மிகுதியாக உண்ட வட ஜப்பானில் மூளை இரத்தக்குழாய் வெடித்து இறந்தோர் பலராக, ஒக்கினாவாவில் அவ்வகை இறப்புக் குறைவாயிருந்தது. 1985-ஆம் ஆண்டின் முதலிடத்தைக் கிழங்கின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டால், இத்தாதியரின் கணக்கில் எழுதுவது எது?

மேலிருந்து கீழே

இந்நூல்களை மதிப்பிட ஒக்கினாவாவே ஓர் உரைகல் தந்துள்ளது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒக்கினாவா ஆண்கள் 26-ஆம் இடத்துக்கு இறங்கினர். தீவினர் திகைத்து, அதற்கு '26 அதிர்ச்சி' என்றே பெயரிட்டனர். 'ஒக்கினாவாத் திட்டம்' உலகுக்கு வழிகாட்ட வெளிவந்தது அதற்கு மறு ஆண்டில்! 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண்கள் 43-ஆம் இடம். பெண்கள் 16-ஆம் இடம்.

அதே தீவு, அதே குருதி, அதே பழமொழிகள். மாறியது எது? 1972 மே 15 வரை அமெரிக்க ஆட்சியிலிருந்த தீவில், படைத்தளங்களின் வழியாகத் தகர டப்பியில் அடைத்த பன்றி இறைச்சி ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்தது. அமெரிக்க விரைவுணவுக் கடை 1963-இலேயே, ஜப்பானின் பெருநிலத்துக்கும் முன்னதாக, அங்குத் திறக்கப்பட்டது. 1914 முதல் ஓடிய சிற்றிரயில் 1945 போரில் அழிந்தது. அதன்பின் 2003-இல் நாஹா நகரில் ஒற்றைத் தண்டவாள இரயில் வரும்வரை தீவில் இரயிலே இல்லை. ஆதலின் மக்கள் காரையே நம்பினர், நடை குறைந்தது. மரபுணவில் வளர்ந்த முதியோர் தொண்ணூறிலும் தளராது நிற்க, அவர்கள் பெற்ற மக்களும் பேரரும் நடு வயதிலேயே மாண்டனர். மகனின் ஈமச்சடங்கில் தாய் நிற்பதைவிடக் கொடிது ஒன்றுண்டோ? தொண்ணூறு வயதுத் தாயின் புகைப்படத்தை அட்டையில் இட்ட நூல், அவள் மகனைப் பற்றிப் பேசாதிருப்பது எளிதில் பொறுக்கத்தக்க குறையன்று.

உணவு மாறியதால் ஆயுள் குறைந்தது எனின், உணவே காரணம் என்னும் நூலோர் கூற்று நிலைபெறும் அன்றோ என்று சிலர் வினவலாம். உணவுக்குப் பங்குண்டு என்பதை மறுப்பார் இலர். ஆனால் அம்மக்கள் ஒரு நூலைப் படித்து நல்லுணவை மேற்கொண்டவர் அல்லர். ஒரு நூலைப் படிக்காமையால் அதைக் கைவிட்டவரும் அல்லர். நிலமும் விலையும் போரும் சாலையும் படைத்தளமும் மாறியபோது அவர்தம் தட்டும் மாறிற்று. பழமொழிகள் அதைத் தடுக்கவில்லை. தனி மனிதரின் மன உறுதியைப் பெரிதாகவும், வாழ்க்கைச் சூழலைச் சிறிதாகவும் காட்டுவதே இந்நூல்கள் அனைத்துக்கும் பொதுவான பிழை.

சிங்கப்பூர் காட்டும் உண்மை

இதனைப் புயட்னரே ஒருவகையில் ஒப்புக்கொண்டார் எனலாம். 2023-இல் அவர் சிங்கப்பூரை ஆறாவது நீல வட்டாரமாக அறிவித்தார். சிங்கப்பூரார் கிழங்கை உண்டு வாழ்பவர் அல்லர். உணவங்காடிகளில் நாசி லெமாக்கும் பரோட்டாவும் உண்பவர்கள். அங்கு அவர் சிறப்பித்தவை வேறு: கார் வாங்குவதை அரிதாக்கிப் பேருந்தையும் இரயிலையும் எளிதாக்கியமை, பெற்றோருக்கு அருகில் வீடு வாங்குவோர்க்கு அரசு உதவித்தொகை அளித்தல், இனிப்புப் பானங்களின் சர்க்கரை அளவை எழுத்திட்டுக் காட்டச் செய்தல் போன்றன. இவை சமையற்குறிப்புகள் அல்ல. சட்டங்களும் திட்டங்களும் ஆகும். சிங்கப்பூர் இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஊர் முழுவதற்கும் சூட்டிய பெயர், அவ்வூரில் வாழும் எல்லார்க்கும் ஒரேயளவு பொருந்தி விடுவதில்லை.

ஆயினும் ஒக்கினாவாவுக்கு ஓர் அளவுகோல், சிங்கப்பூருக்கு வேறோர் அளவுகோல் என்பது ஆராய்ச்சி நெறியாகாது. சிங்கப்பூரில் சாலையையும் வீட்டையும் கணக்கிட்ட ஆசிரியர், ஒக்கினாவாவில் தாதியரையும் இரயிலையும் படைத்தளத்தையும் அவ்வாறே கணக்கிட்டிருத்தல் வேண்டும்.

ஆகவே, இந்நூல்களைப் படிப்போர் பாகற்காயையும் கீரையையும் அளவுணவையும் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளலாம், அவற்றால் தீங்கில்லை. நூறாண்டு வாழ்வுக்கு அவையே திறவுகோல் என்னும் உறுதிமொழியை மட்டும் ஏற்றல் வேண்டா. ஒக்கினாவாவைப் பற்றிய முழுமையான நூல் வேறு வகையில் எழுதப்படவேண்டும். நஞ்சுச் செடியை அலசி உண்ட பஞ்சமும், எழுவர் கொண்டுசேர்த்த 550 பன்றிகளும், சிறு தீவுகளில் தங்கித் தொண்டாற்றிய தாதியரும், திங்கள்தோறும் கூடிய சீட்டும், அழிந்துபோன இரயிலும் அதில் இடம்பெற வேண்டும். நடு வயதில் மாண்ட மக்களின் கணக்கும் இடம்பெற வேண்டும். அந்நூல் அழகிய அட்டையோடு விமான நிலையங்களில் விற்பனையாகாமற் போகலாம். ஆனால் அத்தீவின் முதியோர் வாழ்ந்த வாழ்வு அதிலேதான் இருக்கும்.